அடிவெட்டு

சுங்கை மெர்பாவ் தோட்டம்,
ஈஜோக் வழி, கோல சிலாங்கூர்.
29-4-1984

அண்ணனுக்கு கங்கா எழுதுவது.

சுகம் கேட்க இதை எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தத் தாளை எழுதியது நீதானே?

வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போயிருந்தேன். வேலையில் அடிபட்டவர்களுக்கு உதவி கொடுக்கும் சொக்சோ அலுவலகத்தில் இவருடைய விண்ணப்பப் பாரத்தைக் கொடுக்கப் போனேன். அங்கே இருந்த மலாய்க்கார அம்மா ஃபைலைத் திறந்து, "உன் புருஷன் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டாரே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே நிறுத்தி நிறுத்தி வாசித்துச் சொன்னார். ஏப்ரல் மூன்றாம் தேதி எனக்கு விடுமுறை. நான் கள் குடித்திருந்தேன். தேன் எடுப்பதற்காக யாருக்கும் சொல்லாமல் பள்ளிக்கூடத்து மரத்தில் ஏறினேன். தவறி விழுந்தேன். மரம் வெட்டும் குத்தகைக்காரர் அழகேசனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கீழே இவருடைய கைரேகை.

எனக்கு மலாய் வாசிக்க வராது, அண்ணே. ஆனால் உன் கையெழுத்து தெரியும். எனக்கு முதன்முதலில் அடையாளக் கார்டு எடுக்க நீதான் பாரம் எழுதினாய். எழுத்துகளின் வாலை எல்லாம் இடது பக்கம் இழுத்து விடுவாய். அந்தத் தாள் முழுக்க அதே வால்.

இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது பெருவிரலைப் பிடித்து அமுக்கியிருக்கிறீர்கள். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீயும் அழகேசனும் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா, முகமே வாடிப் போச்சு" என்று என்னைக் கீழே அனுப்பினாய். நான் போய்க் குடித்துவிட்டும் வந்தேன். அப்போது இவருக்கு வலி ஊசி போட்டு அரை மணிகூட ஆகியிருக்காது.

நேற்று இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "தேன் எடுக்கவா? அந்த மரத்துல தேனடையே கெடையாதே."

பதில் போடு.

கங்கா


ரவாங்
5-5-1984

அன்புத் தங்கை கங்காவுக்கு, அண்ணன் தனபாலன் ஆசி கூறி வரைவது.

உன் கடிதத்தை உன் அண்ணியும் படித்தாள். உடன்பிறந்தவனுக்கு எழுதும் கடிதமா அது?

ஆம், நான்தான் எழுதினேன். மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அழகேசன் என்னைத் தேடி ரவாங்கிற்கே வந்தார். பள்ளிக்கூடத்தின் அருகே நடந்த விபத்து என்பதால் போலீஸ், கோர்ட்டு என்று போகும், மாப்பிள்ளை நல்லசாமி மீதே கவனக்குறைவு என்று குற்றம் வரும் என்றார். இப்படி ஒரு தாள் இருந்தால் விஷயம் அதோடு முடியும். மாப்பிள்ளை எழுந்து நடந்ததும் தம்முடைய கிடங்கில் காவல் வேலை தருவதாக வாக்குக் கொடுத்தார். மரம் ஏறி இடுப்பு எலும்பு நொறுங்கிய மனிதருக்கு இதைவிட நல்ல வழி ஏது? படித்தவன் என்ற முறையில் உங்கள் இருவரின் எதிர்காலத்தை நினைத்துத்தான் எழுதினேன்.

மாப்பிள்ளை குடிக்க மாட்டார் என்று உன்னால் சத்தியம் செய்ய முடியுமா? தோட்டத்துக் கள்ளுக்கடையில் அவரைப் பார்க்காதவர் யார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ செய்வது ஒரு பெண்பிள்ளை செய்யும் வேலையா? ஏழு வருடமாகப் பொதுச் சாலையில் கயிறு இழுக்கிறாய், கொப்பு சுமக்கிறாய், ரம்பத்துக்கு அரம் போடுகிறாய். போன வருடம் என்னோடு வேலை செய்பவர்கள் பஸ்ஸில் வரும்போது உன்னைப் பார்த்திருக்கிறார்கள். தலையில் துண்டு, காலில் ஆண்கள் போடும் பூட்ஸ். "தனபாலன், உன் தங்கச்சிதானே அது?" என்று கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வேதனை உனக்குத் தெரியாது.

நான் சாமான் கிடங்குக் கணக்கு பார்க்கும் இந்தத் தொழிற்சாலையில் பெண்களுக்கு வேலை இருக்கிறது. வெயில் கிடையாது, உட்கார்ந்து செய்யலாம். மேலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிடிவாதத்தை விட்டுவிட்டு வந்து சேர்.

உன் நலமே நாடும்
தனபாலன்


சுங்கை மெர்பாவ் தோட்டம்
11-5-1984

அண்ணே,

குடிப்பார். சத்தியம் எல்லாம் தேவையில்லை, நானே எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடிப்பார். குடித்துவிட்டு வந்தால் பழைய பாட்டு இரண்டைத் தப்புத் தப்பாகப் பாடிவிட்டுத் தூங்குவார். மரம் ஏறும் நாளில் தொட மாட்டார். ஏழு வருடத்தில் ஒருநாள்கூடத் தொட்டதில்லை. விழுந்தது செவ்வாய்க்கிழமை, வேலை நாள். நீ அந்தத் தாளில் எழுதினாயே, எந்தக் கிழமை என்று அழகேசனைக் கேட்டாயா?

அன்றைக்கு நடந்ததை நீ யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே எழுதிவிட்டாய். அதனால் நான் இப்போது சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் முன் இவர் கயிற்றை லயத்து வீட்டு வாசலில் நீளமாக விரிப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கு நடுவே ஓட விடுவார். "கண்ணு ஏமாந்துரும், வெரலு ஏமாறாது" என்பார். எங்கேயாவது சொரசொரப்பாகவோ மெத்தென்றோ பட்டால் அந்த இடத்தில் வெட்டிவிடுவார். அது எங்கள் சொந்தக் கயிறு. பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்று ஆளுக்கு. இன்னொன்று கிளைக்கு. கிளை பள்ளிக்கூடக் கூரைக்கு நேர் மேலே போகிறது. வெட்டினால் அப்படியே விழக்கூடாது, கயிற்றில் தொங்கவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். இரண்டாவது கயிற்றை அழகேசன் தன் கிடங்கிலிருந்து கொண்டுவந்தார். நீல இழை ஓடும் கயிறு. லோரி பேட்டரிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

இவர் விரலை ஓட்டிவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, பேட்டரி தண்ணி பட்டிருக்கு. இந்தக் கயிறு செத்துப் போச்சு."

"அடுத்த வாரம் புதுசு வருது லா. நாளைக்கு மாவட்ட மன்றத்து ஆளு பாக்க வர்றான். இந்த ஒரு கெளைய மட்டும் முடிச்சிடு."

நானும் சொன்னேன், வேண்டாம் என்று. இவர் கூரையைப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நல்ல கயிற்றைக் கிளைக்குக் கட்டினார். நீல இழைக் கயிற்றை மேல் கவட்டையில் முடிந்து, மறுமுனையைத் தன் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டார். இதுதான் உன் குடிகாரன் செய்தது, அண்ணே.

பெரிய கிளையை மேலிருந்து நேராக அறுத்தால் பாதியில் முறிந்து மரத்தின் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அதனால் முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்கு அடிவெட்டு என்று பெயர். அடிவெட்டை முடித்துவிட்டு ரம்பத்தை மேலே எடுத்துப் பின்னால் சாய்ந்தார். கயிறு அறுந்தது. சத்தம்கூட வரவில்லை.

அழகேசன் அன்று சாயங்காலமே அறுந்த கயிற்றையும் வாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மேல் கவட்டையில் முடிந்த துண்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. கீழே நின்று பார்த்தால் நீலம் தெரிகிறது. அடிவெட்டும் அப்படியே இருக்கிறது. தேன் எடுக்கப் போகிறவன் கிளைக்கு அடிவெட்டு போடுவானா?

அழகேசனிடம் லோரி ஓட்டும் வீரன் சொன்னார், வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, 25-ஆம் தேதி, மரத்தையே அடியோடு சாய்க்க அழகேசன் உத்தரவு வாங்கிவிட்டாராம். ஆபத்தான மரமாம். அதற்குள் நான் ஏறப்போகிறேன். உன்னிடம் உத்தரவு கேட்கவில்லை. தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

உன் தொழிற்சாலை வேலையை வேறு யாருக்காவது கொடு.

கங்கா


ரவாங்
16-5-1984

கங்கா,

உன் கடிதம் கண்டேன். தயவுசெய்து ஏறாதே. ஐம்பது அடி மரம். நீ ரம்புத்தான் மரத்திலும் கொய்யா மரத்திலும் கிளை கழித்திருக்கலாம், அது வேறு. ஒருவர் படுக்கையில் கிடப்பது போதாதா?

நீ அவசரப்பட்டு எதுவும் செய்துவிடக்கூடாது என்று நேற்று அழகேசனுக்குப் போன் செய்து பேசினேன். மரத்தில் ஏதோ கயிறு இருப்பதாக என் தங்கை நினைக்கிறாள், அவள் மனம் ஆறும் வரை மரத்தைச் சாய்ப்பதைத் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டார். பார்க்கிறேன் என்றார். நீ நினைக்கும் அளவுக்கு அவர் கெட்ட மனிதர் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேரில் பேசுவோம். அதுவரை மரத்தின் பக்கம் போகாதே.

தனபாலன்


சுங்கை மெர்பாவ் தோட்டம்
24-5-1984

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. வீரன் வந்தார். சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டே, "வெள்ளிக்கெழம இல்ல தங்கச்சி, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு. மொதலாளி அவசரப்படுறாரு. யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டாங்களாம்" என்றார்.

அந்த யாரோ நீதான். நீ நல்லதுக்குச் செய்வதெல்லாம் இப்படித்தான் முடிகிறது.

திங்கட்கிழமை விடிந்ததும் போனேன். எங்கள் கயிறு, கைரம்பம், இடுப்பில் பாராங் கத்தி, மண்ணெண்ணெய் நனைத்த துணி. வேறு வார் கிடையாது. பழைய கோணிச் சாக்கை மடித்து இடுப்பில் வைத்து அதன் மேல் கயிற்றைச் சுற்றிக்கொண்டேன். தூண்டில் நரம்பில் இரும்பு நட்டைக் கட்டி மேல் கவட்டைக்கு வீசினேன். ஒன்பது தடவை தவறியது, பத்தாவது தடவை விழுந்தது. நரம்போடு கயிற்றைக் கட்டி மேலே இழுத்தேன். இவர் போடும் முடிச்சு எனக்குத் தெரியும். மேலே தள்ளினால் நகரும், உடம்பு பாரம் விழுந்தால் பிடித்துக்கொள்ளும்.

பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருபது அடியில் கால் ஆட ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். சிவப்பு எறும்பு கழுத்துக்குள் இறங்கி ஒவ்வொரு கடியாகக் கடித்தது. அந்தக் கோபத்தில் காலின் ஆட்டம் நின்றது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே ஏறினேன்.

நீல இழைத் துண்டு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தொங்கியது. முனையைத் தொட்டதும் பஞ்சு மாதிரி உதிர்ந்தது. முடிச்சை அவிழ்க்காமல், சுற்றின் எதிர்ப்பக்கத்தைப் பாராங்கால் வெட்டி, கவட்டையிலிருந்து உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் லோரி சத்தம் கேட்டது.

அழகேசன் இறங்கி மேலே பார்த்தார். பிறகு கத்தினார்.

"ஏய்! பொம்பள ஏறுற மரமா இது? எறங்குடி!"

"ஏழு வருஷமா கீழ நின்னு உங்க கயித்த இழுத்தேனே மொதலாளி, அப்ப பொம்பளன்னு தெரியலையா?"

"விழுந்து செத்தா நான் பொறுப்பில்ல!"

"அவரு விழுந்ததுக்கே நீங்க பொறுப்பில்லன்னு தாள் வச்சிருக்கீங்க. எனக்கும் ஒண்ணு எழுதி வச்சுக்குங்க. எழுத எங்க அண்ணன் இருக்காரு."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். பள்ளிக்கூடம் முழுக்க வெளியே வந்து நின்றது. எல்லோருக்கும் கேட்டது.

அவர் வீரனிடம் செயின்சோ ரம்பத்தை எடுத்து அடிமரத்தில் வைக்கச் சொன்னார். மிரட்டத்தான். ஆனாலும் நான் கவட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீரன் செயின்சோவைக் கையில் வாங்கினார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். அதைத் திரும்ப லோரிக்குள் வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்தார்.

"கங்கா, கெளைய எறக்கப் போறியா? கயித்த விடு, நான் புடிக்கிறேன்."

"வீரா, நீ இப்ப கயித்தத் தொட்டா நாளைக்கு லோரியத் தொட முடியாது" என்றார் அழகேசன்.

"சரி மொதலாளி" என்றார் வீரன். சாவியை எடுத்து லோரியின் படியில் வைத்தார். அந்த மனிதருக்கு நாலு பிள்ளைகள், அண்ணே. அவர் உன்னைப்போல் படித்தவர் இல்லை.

என் ஆள்கயிற்றின் நீண்ட மறுபாதியைக் கிளையில் கட்டி வீரனிடம் விட்டேன். அவர் அடிமரத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தார். அடிவெட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி மேல்வெட்டு போட்டேன். கைரம்பத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிளை முனகிக்கொண்டு இறங்கியது, கூரையின் ஒரு தகரத்தைக்கூடத் தொடவில்லை. தலைமை ஆசிரியர் கை தட்ட வேண்டாம் என்று சொல்லியும் பிள்ளைகள் கேட்கவில்லை.

கிளையின் அடித்துண்டை ஒரு முழம் அறுத்து வைத்திருக்கிறேன். இவர் போட்ட அடிவெட்டு ஏழு வார மழையில் கறுத்திருக்கிறது. என் வெட்டு வெள்ளையாக இருக்கிறது. இரண்டும் ஒரே துண்டில் இருக்கின்றன. அதைத் தலைமை ஆசிரியர் முன்னால் கோணியில் கட்டி, அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். அத்தனை பேர் நின்றதால் அழகேசன் மரத்தைச் சாய்க்கவில்லை. லோரியை அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அதனால்தான் எழுத்து இப்படி. மூன்று நாளாகக் கரண்டி பிடிக்க முடியவில்லை.

கங்கா


ரவாங்
3-6-1984

தங்கச்சி,

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரவாங் பஸ் நிலையம் வரை வந்தேன். கோல சிலாங்கூர் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. உன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்று பஸ் போன பிறகு வீட்டுக்குத் திரும்பினேன். தங்கையைப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறாள் என்று உன் அண்ணி லீலாவதியிடம் பொய் சொன்னேன். உன் கடிதம் வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணின்னு என்னை அவ கூப்பிடறதுக்கு நான் வெக்கப்படணும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

போன் செய்தது என் முட்டாள்தனம். அவர் தள்ளிப் போடுவார் என்று மெய்யாகவே நம்பினேன்.

வியாழக்கிழமை அழகேசன் தொழிற்சாலைக்கே வந்தார். எங்கள் வளாகத்தில் புல் வெட்டும் குத்தகையும் அவருடையதுதான். மேலாளரோடு டீ குடித்துவிட்டு என் அறைக்கு வந்தார். இன்னொரு தாள் வேண்டுமாம். நீ வேறு எங்கோ கிடந்த பழைய கயிற்றைக் கொண்டுபோய் மரத்தில் வைத்து எடுத்ததாக, அதை நீயே என்னிடம் கடிதத்தில் ஒப்புக்கொண்டதாக நான் எழுத வேண்டுமாம். "ஒங்க மலாய் ரொம்ப அழகா இருக்கு, தனபாலன். ஆபீசர் பாத்தாலே நம்பிடுவான்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் வந்தது யோசிக்கிறேன் என்பதுதான். இரண்டு மாதம் கழித்து எனக்குப் பதவி உயர்வு வர வேண்டும். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

நீ சொன்னதில் ஒன்று மட்டும் என்னை விடாமல் குடைகிறது. எந்தக் கிழமை என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்பதில்தான் என் கவனம் இருந்தது.

தனபாலன்


சுங்கை மெர்பாவ் தோட்டம்
10-6-1984

அண்ணே,

விசாரணை ஜூலை 17, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி, கிள்ளான்.

கயிற்றையும் துண்டையும் சொக்சோ அலுவலகத்து அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். ரசீது கொடுத்தார். "மரம் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கைரேகையை நான் என்ன செய்வது? இதை எழுதியவர் வந்து சொன்னால்தான் உண்டு" என்றார். யார் எழுதியது என்று கேட்டார். தெரியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன், அவரே வந்து சொல்லட்டும் என்றேன்.

வீரன் வருகிறார். வேலை போய்விட்டது. இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றுகிறார். தலைமை ஆசிரியர் வருகிறார். இவரும் வருவேன் என்கிறார், இரண்டு ஊன்றுகோலோடு.

உன்னை நான் வா என்று கூப்பிடவில்லை. கெஞ்சவும் மாட்டேன். நீ யோசித்து முடித்துவிட்டால் நாள் இது, இடம் இது.

கங்கா


ரவாங்
22-7-1984

தங்கச்சி,

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நீ மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நேராக பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நான் படியிலேயே நின்றிருந்தேன். பேச வேண்டியதை எழுதுகிறேன்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது உன்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். அதனால் நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

சொக்சோ அம்மா அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "இது உங்கள் எழுத்தா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "இதை அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா?" இல்லை என்றேன். "அவர் விழித்திருந்தாரா?" கண் திறந்திருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை, அவருடைய இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார் என்றேன். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. தம்பி வந்திருப்பதாக நினைத்துத்தான் அவர் அந்த விரலை நீட்டினார், கங்கா. அழகேசன் பிடித்து அமுக்கவில்லை. நான்தான் பிடித்தேன்.

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பொய்யான வாக்குமூலம் எழுதியதற்கு உங்கள் மேலும் நடவடிக்கை வரலாம். தெரிந்துதான் சொல்கிறீர்களா?" என்றார். தெரிந்துதான் என்றேன். அழகேசன் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் என்னை எழுதச் சொன்ன இரண்டாவது தாளைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

மறுநாளே என்னைக் கணக்கு மேசையிலிருந்து எடுத்து லோரியில் பெட்டி ஏற்றும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. முதுகு வலிக்கிறது. நேற்று அங்கே ஒருவர், "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல மரம் ஏறுன பொம்பள உங்க ஊரு ஆளாமே?" என்று கேட்டார். என் தங்கச்சி என்றேன்.

என்னை மன்னிப்பாயா?

தனபாலன்


சுங்கை மெர்பாவ் தோட்டம்
16-9-1984

அண்ணே,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாளானது. காரணம் உனக்குத் தெரியும்.

சொக்சோவிலிருந்து தாள் வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் வாசித்துத் தமிழில் சொன்னார். இவர் வேலை நேரத்தில், வேலையின் காரணமாக, கெட்டுப்போன கயிற்றால் விழுந்தார் என்று போட்டிருக்கிறது. மாதா மாதம் இவருக்கு உதவி வரும். குடித்திருந்தார் என்ற சொல் எங்கேயும் இல்லை. இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். "தேனு?" என்று இவர் கேட்டார். தேனும் இல்லை என்றார் ஆசிரியர். அன்றைக்குத்தான் இவர் முதல் தடவையாக வாசல் தாண்டிக் கோயில் வரை நடந்து போனார். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் நின்று நின்று சொல்லிக்கொண்டே போனார்.

இனி மரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரும் அதற்கு அழுது முடித்துவிட்டார்.

அழகேசனுக்கு மன்றத்துக் குத்தகை இந்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. பள்ளிக்கூடத்து மரத்தைச் சாய்க்கும் உத்தரவும் ரத்து. மன்றத்திலிருந்து வந்த ஆள் மரத்தைச் சுற்றி வந்து, காய்ந்த கொப்பு ஆறு ஏழுதான், கழித்துவிட்டால் போதும் என்றார். யார் செய்வது என்று தலைமை ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியர் என்னைக் காட்டினார். அந்த ஆள் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"நாந்தான்" என்றேன்.

"ஏற ஆளு?"

"நாந்தான்."

"அப்ப கீழே?"

"வீரன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அலுவலகத்துக்கு வந்து பெயரைப் பதியச் சொன்னார். போனேன். பாரத்தில் தொழில் என்ற இடத்தில் பாரம் எழுதும் கிராணி என்னைக் கேட்காமலே குடும்பப் பெண் என்று எழுதிவிட்டார். அடித்துவிட்டு மரம் கழிக்கிறவள் என்று எழுதச் சொன்னேன். அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது, புதுப் பாரம் வேண்டும் என்றார். சரி, புதுப் பாரம் எடுங்கள், நான் நிற்கிறேன் என்றேன். பின்னால் நீளமாக வரிசை நின்றது. எடுத்தார்.

இதுவரை மூன்று வேலை முடித்திருக்கிறோம். பள்ளிக்கூடத்து மரம், ஈஜோக் சாலையில் இரண்டு அங்சானா மரம். கடைத்தெருவில் சிலர் நின்று சிரிக்கிறார்கள். கிளை இறங்கும்போது வாயை மூடிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். காலையில் இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எங்கள் கயிறுகளை விரலில் ஓட விடுகிறார். அவர் சரி என்று சொல்லாமல் எந்தக் கயிறும் வீட்டை விட்டுப் போகாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். இவரிடம் உன் கடிதத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன், விரலைப் பிடித்த இடத்தையும் விடாமல். பிறகு, "மச்சான் வந்து சொன்னாரு பாரு, அதுக்கும் ஒரு தெம்பு வேணும்" என்றார். அவர் மன்னித்துவிட்டார், அண்ணே. அவர் மனசு அப்படி.

நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்த் தாளாகத்தான் இருக்கும். நீ பெட்டி ஏற்றுகிறாய் என்று படித்தபோது மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. இரவில் முதுகுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல் அண்ணியிடம்.

தீபாவளிக்கு இரண்டு பேரும் வாருங்கள். கோழி அடிக்கிறேன். அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிரு. என்னோடு பேச இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்.

தீபாவளிக்கு முதல் நாளே வந்தால், நான் வேலையில் இருப்பேன். மரத்தடியில் நின்று கூப்பிடாதே. முடிந்ததும் நானே இறங்கி வருவேன்.

கங்கா